அம்மையின் கல்லறைக் கல்லில் என்ன எழுதுவது?

மட்டிப்பழம் (இழையைத் தொடங்கியவர்), ஞாயிறு காலை 5.50

எல்லோருக்கும் வணக்கம். நான் இங்கே வாசிப்பதோடு சரி, எழுதியது குறைவு. இன்று உங்களிடம் ஒரு காரியம் கேட்க வேண்டியிருக்கிறது.

என் அம்மை இறந்து 19 நாள் ஆகிறது. வயது 73. கன்னியாகுமரி மாவட்டம் திருவட்டாறு பக்கம் எங்கள் விளையிலேயே (தோட்டத்திலேயே), குடும்பக் கல்லறையில் அடக்கம் செய்தோம். 40ஆம் நாள் ஜெபத்துக்குள் கல் பதிக்க வேண்டும். கல் கொத்துகிறவர் வாசகம் கேட்டு இரண்டு முறை போன் செய்துவிட்டார். அந்த வாசகத்தில்தான் வீட்டில் எல்லோரும் முட்டிக்கொண்டு நிற்கிறோம்.

அம்மை ராணுவத்தில் இருந்தவள். மிஷன் ஆஸ்பத்திரியில் நர்சிங் படித்துவிட்டு 1974இல் இராணுவ செவிலியர் சேவையில் சேர்ந்தாள். 2006இல் லெப்டினன்ட் கர்னலாக ஓய்வு பெற்று ஊருக்கு வந்தாள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. நான் அவள் பெற்ற பிள்ளையும் இல்லை. அவளுடைய அக்காதான் என்னைப் பெற்றவள். நான் பிறந்த 11ஆம் நாள் அவள் போய்விட்டாள். என்னைப் பெற்றவர் ஒரு வருடத்துக்குள் வேறு கல்யாணம் செய்துகொண்டு போனார். அப்போது அம்மைக்கு 30 வயது. லீவு போட்டு வந்து, என்னைத் தூக்கி மடியில் வைத்து, "இது எனக்குள்ள பிள்ளை" என்று வீட்டில் சொன்னாளாம். பாட்டி சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

இப்போது பிரச்சினைக்கு வருகிறேன். இறந்த அன்று ஜங்ஷனில் வைத்த பிளெக்ஸில் அவள் பெயருக்கு முன்னால் "செல்வி" என்று போட்டிருந்தார்கள். 73 வயது, 32 வருடம் யூனிஃபார்ம், அதற்கு மேலே "செல்வி". யாரும் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. கல்யாணம் ஆகாதவர்களுக்கு அப்படித்தானே போடுவது என்றார்கள். அடக்க ஆராதனையில் வாழ்க்கைக் குறிப்பு வாசித்தபோது "இராணுவ மருத்துவமனையில் நர்சாக வேலை பார்த்தார்" என்று ஒரே வரி. அதுவும் பொய்யில்லை. ஆனால் எனக்கு நெஞ்சு அடைத்தது.

கல்லிலும் "செல்வி" போதும் என்கிறார் மாமா. "அம்மா" என்று போட்டால் பெற்றவளுக்கு என்ன மரியாதை என்று பெரியவர்கள் கேட்கிறார்கள். அவள் கல்லும் பக்கத்திலேயே இருக்கிறது. ராணுவப் பதவியைப் போட்டால் பெருமையடிக்கிற மாதிரி இருக்கும் என்கிறாள் சித்தப்பா மகள்.

நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

---

விளவங்கோட்டான், ஞாயிறு காலை 7.15

ஆழ்ந்த அனுதாபம் சகோதரி. எங்கள் அத்தை ஒருவருக்கும் இப்படித்தான் "செல்வி" போட்டார்கள், நாங்கள் கவனிக்கக்கூட இல்லை. நீங்கள் எழுதியதைப் படித்த பிறகுதான் உறைக்கிறது.

என் அபிப்பிராயம்: முன்னால் எதுவும் வேண்டாம். வெறும் பெயர், பிறந்த நாள், கர்த்தருக்குள் நித்திரையடைந்த நாள், அவருக்குப் பிடித்த ஒரு வசனம். அவ்வளவு போதும்.

---

ஏலாக்கரை, ஞாயிறு காலை 8.40

ஒன்று கேட்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். நர்சாக இருந்தவரை முன்னாள் படைவீரர் என்று சொல்லலாமா? ராணுவ ஆஸ்பத்திரியில் சிவிலியன்களும் வேலை பார்க்கிறார்கள் இல்லையா? எங்கள் ஊரில் பட்டாளத்துக்காரர் வீடு என்றால் ஆண்பிள்ளை எல்லைக்குப் போன வீடு. கல்லில் எழுதினால் காலத்துக்கும் நிற்கும். அதனால்தான் கேட்கிறேன்.

---

கன்னர்_குளச்சல், ஞாயிறு காலை 9.30

ஏலாக்கரை தம்பி, கேட்டது நல்லது. நிறைய பேருக்கு இது தெரியாது.

நான் பீரங்கிப் படையில் 22 வருடம் இருந்து ஹவில்தாராக வந்தவன். இராணுவ செவிலியர் சேவை ராணுவத்தின் பகுதிதான். 1888இல் பிரிட்டனிலிருந்து பம்பாயில் வந்திறங்கிய 10 நர்சுகளோடு தொடங்கியது. 1926இல் நிரந்தரப் படைப்பிரிவு ஆனது. 1943இல் வந்த அவசரச் சட்டத்துக்குப் பிறகு அதில் உள்ளவர்கள் கமிஷன் பெற்ற அதிகாரிகள். லெப்டினன்ட், கேப்டன், மேஜர் என்று அதே பதவிகள்தான், அதே நட்சத்திரங்கள்தான் தோளில். இந்திய ராணுவத்தில் முதன்முதலாக மேஜர் ஜெனரல் ஆன பெண் யார்? 1976இல் கெர்ட்ரூட் அலிஸ் ராம். அவர் செவிலியர் சேவையின் தலைவர். மருத்துவப் பிரிவுகளைத் தவிர மற்ற பிரிவுகளில் பெண்களை அதிகாரிகளாகச் சேர்க்கத் தொடங்கியதே 1992இல்தான்.

நான் ஹவில்தார். அந்த அம்மா லெப்டினன்ட் கர்னல். எதிரில் வந்தால் நான்தான் சல்யூட் அடிக்க வேண்டும்.

பதவி எழுதுவதில் ஒரு முறை இருக்கிறது. "லெப்டினன்ட் கர்னல் (ஓய்வு)" என்று எழுதிவிட்டுப் பெயரைப் போடக் கூடாது. முதலில் பதவி, அப்புறம் பெயர், கடைசியில்தான் (ஓய்வு). பதவிக்கு ஓய்வு கிடையாது, ஆளுக்குத்தான் ஓய்வு என்று எங்களுக்குச் சொல்வார்கள்.

சகோதரி, உங்களிடம் ஒரு கேள்வி. அம்மா 1999இல் ஸ்ரீநகரில் 92 பேஸ் ஆஸ்பத்திரியில் இருந்தாரா? இடது புருவத்தில் சின்னத் தழும்பு உண்டா?

---

மட்டிப்பழம், ஞாயிறு காலை 9.52

அண்ணே, ஆமாம். இரண்டுக்கும் ஆமாம். சின்ன வயதில் பாட்டி வீட்டு அயினி மரத்திலிருந்து விழுந்த தழும்பு அது.

உங்களுக்கு அவளைத் தெரியுமா?

---

கன்னர்_குளச்சல், ஞாயிறு மதியம் 12.20

தெரியும். ஒரு மணி நேரம் எழுதாமலேயே உட்கார்ந்திருந்தேன். இப்போது எழுதுகிறேன்.

1999 ஜூலை, கார்கில் சண்டை. டிராஸ் பக்கம் எங்கள் பீரங்கிகள் நின்ற இடத்தில் எதிரிகளின் ஷெல் விழுந்தது. எனக்கு வலது தொடையிலும் இரண்டு கையிலும் ஸ்பிளின்டர். ஹெலிகாப்டரில் ஏற்றியது பாதி நினைவில் இருக்கிறது. கண் விழித்தபோது வார்டு. அந்தச் சண்டையில் 527 பேர் இறந்தார்கள், 1,363 பேர் காயம்பட்டார்கள் என்று பிறகு அரசு கணக்குச் சொன்னது. அந்த நாட்களில் ஸ்ரீநகர் ஆஸ்பத்திரியில் கட்டிலுக்கும் கட்டிலுக்கும் நடுவில் நடக்க இடமிருக்காது.

சுற்றிலும் இந்தி, பஞ்சாபி, கர்வாலி. அப்போது என் தலைமாட்டில் ஒரு குரல்: "எந்த ஊரு மக்களே?"

இதை ஊரில் இருந்துகொண்டு வாசிக்கிறவர்களுக்கு அதன் கனம் தெரியாது. வீட்டை விட்டு 3,000 கிலோமீட்டருக்கு அப்பால், கால் இருக்கிறதா இல்லையா என்றே தெரியாமல் கிடக்கிறவனை ஒருவர் பெற்ற பிள்ளையைக் கூப்பிடுகிற மாதிரி "மக்களே" என்று கூப்பிடுகிறார். தமிழ்கூட இல்லை, நம்ம ஊர்த் தமிழ். என் பேப்பரில் மாவட்டத்தைப் பார்த்திருக்கிறார். நான் அழுதுவிட்டேன். "குளச்சல் பக்கம்" என்றேன். "அப்போ நீ நீச்சல் தெரிஞ்சவன். நடந்திருவ" என்றார்.

இரண்டு கையிலும் கட்டு இருந்ததால் எனக்கு எழுத முடியாது. என் தாய் டிவியில் சண்டைச் செய்தியைப் பார்த்துக்கொண்டு சாப்பிடாமல் கிடப்பாள் என்று சொன்னேன். அன்று இரவு டியூட்டி முடிந்த பிறகு ஒரு இன்லாண்டு லெட்டரோடு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். நான் சொல்லச் சொல்ல எழுதினார். முடித்துவிட்டு, தன் பங்குக்குக் கீழே இரண்டு வரி சேர்த்து, எனக்கு வாசித்தும் காட்டினார். "உங்கள் மகனுக்கு இரண்டு காலும் இருக்கிறது. நான் பார்த்துக்கொள்கிறேன். நானும் ஒரு பிள்ளைக்கு அம்மை."

அதன் கீழே கையெழுத்தும் பதவியும்.

என் தாய் அந்தக் கடிதத்தை ஜெபப் புத்தகத்துக்குள் ஐந்து வருடம் வைத்திருந்தாள். 2004 சுனாமியில் வீடு போனது, புத்தகமும் போனது. தாய் தப்பினாள். இருந்திருந்தால் இன்று படம் எடுத்துப் போட்டிருப்பேன். ஆனால் அந்த மூன்று வாக்கியமும் எனக்கு மனப்பாடம்.

---

மட்டிப்பழம், ஞாயிறு மதியம் 1.05

அண்ணே, நான் இப்போது எழுதும் நிலையில் இல்லை. மாலையில் வருகிறேன். நன்றி.

---

கொளத்தூர்வாசி, ஞாயிறு மதியம் 2.10

சென்னையிலிருந்து எழுதுகிறேன். படித்துக் கண் கலங்கியது. ஒரு சின்ன விஷயம் மட்டும் சொல்லத் தோன்றுகிறது. இந்தப் பக்கத்தில் "அம்மை" என்றால் நோய். கல்லில் எழுதுவதாக இருந்தால் "அம்மா" அல்லது "அன்னை" என்று எழுதுங்கள். பொதுவான தமிழாக இருக்கும், வெளியூரில் இருந்து வருகிறவர்களும் குழம்ப மாட்டார்கள்.

---

விளவங்கோட்டான், ஞாயிறு மதியம் 2.35

நண்பரே, இங்கே பெற்றவளுக்குப் பெயரே அம்மைதான். "எங்க அம்மை சொன்னா" என்றுதான் வரும். காரைக்கால் அம்மையாரும் அம்மையப்பனும் உங்கள் பக்கத்திலும் உண்டே. இப்போதைய பிள்ளைகள் அம்மா, மம்மி என்று மாறிவிட்டார்கள், அது வேறு.

காலையில் "வெறும் பெயர் போதும்" என்று எழுதியதை வாபஸ் வாங்குகிறேன். கன்னர் அண்ணன் எழுதியதைப் படித்த பிறகு வெறும் பெயர் போதாது.

---

தாலுகா_கோர்ட், ஞாயிறு மாலை 4.00

வழக்கறிஞர் என்ற முறையில் இரண்டு விஷயம்.

ஒன்று, கல்யாணம். பலர் இதை "பாவம், கல்யாணம் ஆகவில்லை" என்று பேசுவார்கள். அந்தக் காலத்துச் சட்டம் தெரிந்தால் அப்படிப் பேச வராது. இராணுவ செவிலியர் சேவையில் நிரந்தரக் கமிஷனுக்கு 1977இல் போட்ட விதிகளில், கல்யாணம் செய்துகொண்டால் பணி முடிவுக்கு வரும் என்று ஒரு பிரிவு இருந்தது. 1995இல்தான் அது விலக்கப்பட்டது. 1988இல் அப்படி வேலையிழந்த ஒரு அதிகாரியின் வழக்கு 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றத்தில் முடிந்தது. பெண் என்பதற்காகக் கல்யாணத்தைக் காரணம் காட்டி நீக்குவது தன்னிச்சையானது என்று சொல்லி, 60 லட்சம் ரூபாய் கொடுக்க உத்தரவிட்டார்கள். 36 வருடம் கழித்து. ஆகவே மட்டிப்பழத்தின் அம்மை 1981இல் எடுத்த முடிவை அந்த விதிகளோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்.

இரண்டு, தாய் என்ற உரிமை. கிறிஸ்தவர்களுக்குத் தத்தெடுப்புக்குத் தனிச் சட்டம் கிடையாது. 1956ஆம் ஆண்டு சட்டத்தின் கீழ் கல்யாணமாகாத இந்துப் பெண் பிள்ளையைத் தத்தெடுக்கலாம். கிறிஸ்தவப் பெண்ணுக்கு அப்போது இருந்த வழி, 1890ஆம் ஆண்டு காப்பாளர் சட்டம் மட்டும்தான். அதில் "தாய்" என்ற சொல் வராது. "காப்பாளர்" என்றுதான் வரும். அதுவும் பிள்ளை மைனராக இருக்கும்வரை. சிறார் நீதிச் சட்டத்தில் 2006இல் திருத்தம் வந்த பிறகுதான் எந்த மதத்தவரும் தத்தெடுக்க வழி தெளிவானது. 2014இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. அதற்குள் இந்தப் பிள்ளைக்கு 18 தாண்டியிருக்கும்.

கல்லறைக் கல்லுக்குச் சட்டம் தேவையில்லை. குடும்ப நிலத்தில் உங்கள் விருப்பம்தான்.

---

குளச்சல்_டீச்சர், ஞாயிறு மாலை 5.20

திருவட்டாறு, ராணுவ நர்ஸ், தழும்பு என்று வாசித்ததும் எனக்கும் புரிந்துவிட்டது. பெயர் தெரியாமலேயே 20 வருடமாக நான் ஜெபத்தில் நினைத்துக்கொண்டிருந்த ஆள் இவர்தான்.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. கிறிஸ்துமசுக்கு மறுநாள். நம் மாவட்டத்தில் ஏறக்குறைய 800 பேர் போனார்கள். எங்கள் பள்ளிக்கூட வராந்தாவில் ஆட்களைக் கொண்டுவந்து போட்டுக்கொண்டே இருந்தார்கள். உயிரோடு இருக்கிறவர்களும் இல்லாதவர்களும் சேர்ந்து. டாக்டர் வரும் வரை என்ன செய்வதென்று யாருக்கும் தெரியவில்லை. ஒரு ஜீப்பில் ஒரு அம்மா வந்து இறங்கினார். கிறிஸ்துமஸ் புதுச்சேலை கட்டியிருந்தார். லீவில் வந்திருந்தாராம்.

என்னிடம் முதலில் கேட்டது, "டீச்சர், மார்க்கர் பேனா உண்டா?" என்றுதான். எடுத்துக் கொடுத்தேன். வரிசையாக ஒவ்வொருவரிடமும் குனிந்து, மூச்சையும் நாடியையும் பார்த்து, கையில் 1, 2, 3 என்று எழுதிக்கொண்டே போனார். 1 போட்டவர்களை முதல் வண்டியில் ஏற்றச் சொன்னார். அலறிக்கொண்டிருந்த ஒருவருக்கு 3 போட்டார். சத்தமே இல்லாமல் கிடந்த ஒரு பெண்பிள்ளைக்கு 1 போட்டார். எங்களுக்குக் கோபம் வந்தது. "சத்தம் போடுறவனுக்கு மூச்சு உண்டு" என்று மட்டும் சொன்னார். அந்தப் பெண்பிள்ளை பிழைத்தாள்.

சுவரில் சாய்ந்து அழுதுகொண்டிருந்த பையன்களிடம், "அழறதெல்லாம் பொறவு மக்கா, இப்போ தண்ணி கொண்டு வா" என்றார். அவர்கள் எழுந்து ஓடினார்கள். அன்று எங்களுக்கு வேண்டியிருந்தது அந்த ஒரு வார்த்தைதான். என்ன செய்ய வேண்டும் என்று சொல்ல ஒருவர்.

இருட்டிய பிறகு கிணற்றடியில் ஒரு அம்மா உட்கார்ந்து அழுவதைப் பார்த்தேன். அவர்தான். நான் கிட்டே போகவில்லை.

---

பேச்சிப்பாறை_பிள்ளை, ஞாயிறு மாலை 6.45

அக்கா, நான் யார் என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். உங்கள் வீட்டு ரப்பருக்குப் பால் வெட்ட வருகிறவரின் மகள்.

பிளஸ் டூ படிக்கும்போது அப்பாவோடு அதிகாலையில் வந்து சிரட்டையில் இருக்கும் பாலை எடுத்து ஊற்றுவேன். கர்னலம்மா ஐந்தரைக்கே எழுந்து முற்றத்தில் நடந்துகொண்டிருப்பார். ஒருநாள், "நீ என்ன படிக்கப் போற?" என்றார். "தெரியாது" என்றேன். மறுநாள் ஒரு நோட்டு வாங்கி வைத்திருந்தார். அதில் அவர் கையால் எழுதியிருந்தது: ராணுவத்தில் பி.எஸ்சி. நர்சிங் நான்கு வருடம், படிப்புக்குக் காசு இல்லை, பூனா, கல்கத்தா, மும்பை, டெல்லி, லக்னோ, பெங்களூர் என்று ஆறு கல்லூரி, நீட் மார்க் வேண்டும். இங்கிலீஷ் பேச வராது என்றேன். "எனக்கும் வராதுதான் போனேன்" என்றார்.

இப்போது நான் அந்த ஆறில் ஒன்றில் படிக்கிறேன். அடக்கத்துக்கு வர லீவு கிடைக்கவில்லை. அந்த நோட்டு என்னோடுதான் இருக்கிறது.

ஒன்று சொல்ல வேண்டும் அக்கா. எங்கள் விண்ணப்பத்தில் கல்யாணம் ஆகாதவர்கள், விவாகரத்து ஆனவர்கள், விதவைகள் சேரலாம் என்று இருக்கும். ஆனால் "பொறுப்புகள் இல்லாதவர்" என்று ஒரு நிபந்தனை உண்டு. பிள்ளை இருந்தால் சேர முடியாது என்று அர்த்தம். அதைக் கர்னலம்மாவிடம் வாசித்துக் காட்டியபோது கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "நான் முதல்ல சேர்ந்தேன், பொறவு பிள்ளை வந்தது. அதனால தப்பிச்சேன்" என்றார்.

---

சபை_மூப்பன், ஞாயிறு இரவு 7.30

பெரியவர்கள் சொல்வதிலும் நியாயம் உண்டு என்று சொல்லவே எழுதுகிறேன். பெற்றவள் 11 நாள்தான் பிள்ளையோடு இருந்தாள் என்பதால் அவள் தாய் இல்லை என்று ஆகிவிடாது. பக்கத்துப் பக்கத்துக் கல்லறை. ஒன்றில் மட்டும் அம்மா என்று பெரிதாக எழுதினால் மற்றவள் யார்? நாளைக்குப் பேரப்பிள்ளைகள் வந்து நின்று கேட்பார்கள். வளர்த்தவர் மேல் உள்ள பாசத்தில் இதை மறந்துவிடக் கூடாது.

---

மட்டிப்பழம், ஞாயிறு இரவு 9.40

எல்லோரும் எழுதியதை மூன்று முறை வாசித்தேன். நடுவில் போய் அம்மையின் டிரங்குப் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கறுப்புப் பெட்டி. மூடியில் வெள்ளைப் பெயின்டில் அவள் பெயர். பெயருக்கு முன்னால் மட்டும் பெயின்ட் தடித்து மேடாக இருக்கும். லெப்டினன்ட் என்று எழுதியதன் மேல் கேப்டன், அதன் மேல் மேஜர் என்று ஒவ்வொரு தடவையும் அவளே கறுப்படித்து மேலே எழுதியது. விரலால் தடவினால் அடியில் உள்ள எழுத்து தெரியும். பெருமையடிக்கிறதாக இருக்கும் என்று சித்தப்பா மகள் சொன்னதற்கு இதுதான் என் பதில். அம்மையே எழுதி வைத்திருக்கிறாள்.

மூப்பன் ஐயா, நீங்கள் கேட்டதுதான் எனக்குள்ளும் குத்திக்கொண்டிருந்த கேள்வி. அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

ஆறு வயது வரை நான் பாட்டியோடு இருந்தேன். அம்மை வருடத்துக்கு ஒருமுறை லீவில் வருவாள். மூன்று நாள் ரயிலில் வந்து இறங்குகிறவளைக் கண்டு முதல் நாள் நான் கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொள்வேன். அவள் வந்து இழுக்க மாட்டாள். முற்றத்தில் உட்கார்ந்து மரச்சீனிக் கிழங்கு உரித்துக்கொண்டிருப்பாள், நானாக வரும் வரை. குவார்ட்டர்ஸ் கிடைத்த பிறகு என்னைக் கூட்டிக்கொண்டு போனாள். செகந்திராபாத், சென்னை, பூனா. எல்லா ஊரிலும் கேந்திரிய வித்யாலயா. ஸ்கூல் விண்ணப்பத்தில் தகப்பனார் பெயர் என்ற கட்டத்தில் ஒரு கோடு போட்டு, காப்பாளர் என்ற கட்டத்தில் தன் பெயரையும் பதவியையும் எழுதுவாள். அவள் பேனா அங்கே தயங்கி நான் பார்த்ததில்லை.

எல்லாம் நன்றாக இருந்தது என்று சொல்ல மாட்டேன். நைட் டியூட்டி நாட்களில் பக்கத்து வீட்டில் தூங்குவேன். சென்னையில் இருந்தது 1987க்குப் பிறகு, இலங்கையிலிருந்து காயம்பட்டவர்கள் வந்துகொண்டிருந்த காலம். அம்மை வீட்டுக்கு வந்ததும் என்னைத் தொட மாட்டாள். நேராகக் குளிக்கப் போவாள். வெகுநேரம் தண்ணீர் விழும் சத்தம் கேட்கும். வெளியே வந்த பிறகுதான் "சாப்பிட்டியா?" என்பாள். அவளுக்கு என்மேல் கோபம் என்று அப்போது நினைத்தேன். எத்தனையோ நாள் அப்படி நினைத்துக்கொண்டு தூங்கியிருக்கிறேன். அவளிடம் ஒருமுறையாவது கேட்டிருக்கலாம்.

பத்து வயதில் கேட்டேன், "நீ ஏன் கல்யாணம் பண்ணல்ல?" என்று. "பண்ணினா யூனிஃபார்ம் போயிரும். அது போனா உனக்குச் சோறு யாரு தருவா?" என்றாள். வக்கீல் ஐயா எழுதிய விதியை இன்றுதான் முழுதாகத் தெரிந்துகொண்டேன். அன்று அவள் சும்மா சொன்னாள் என்று நினைத்தேன்.

இப்போது பெற்றவளைப் பற்றி. ஒவ்வொரு வருடமும் ஈஸ்டர் விடியலில், ஊரில் இருந்தால், அம்மை என்னைக் கல்லறைக்குக் கூட்டிக்கொண்டு போவாள். மெழுகுவர்த்தியை என் கையில் தந்து அக்காவின் கல்லுக்கு முன்னால் நிறுத்துவாள். "இது உன் அம்மா. நான் உன் அம்மை. ரெண்டு பேரும் உனக்கு உண்டு" என்பாள். அப்படித்தான் எனக்குச் சொல்லித் தந்தாள். பேச்சு வந்த நாளிலிருந்து எனக்கு அம்மா என்றால் போட்டோவில் இருக்கிறவள். அம்மை என்றால் இவள். மற்ற வீடுகளில் இரண்டும் ஒரே சொல். எங்கள் வீட்டில் இரண்டு ஆள். வெளியூர்ப் பள்ளியில் என்னைக் கேலி செய்வார்கள், அம்மை வந்த பிள்ளை என்று. நான் மாற்றிக்கொள்ளவில்லை. மாற்றினால் ஒருத்தியை எடுத்து இன்னொருத்திக்குக் கொடுத்த மாதிரி ஆகிவிடும்.

ஆகவே கொளத்தூர்வாசி அண்ணா, "அம்மா" என்று என்னால் எழுத முடியாது. மூப்பன் ஐயா, அந்தச் சொல்லை அம்மையே தன் அக்காவுக்கென்று விட்டுவைத்திருக்கிறாள்.

கன்னர் அண்ணே, உங்களுக்குக் கடைசியாக எழுதுகிறேன். 1999 ஜூன் மாதம் எனக்கு 18 வயது முடிந்தது. வக்கீல் ஐயா சொன்ன காப்பாளர் என்ற அந்தத் தாளுக்கும் இனி அதிக நாள் இல்லை. சட்டப்படி நான் அவளுக்கு அக்கா மகள், அவ்வளவுதான். அம்மைக்கு அது தெரியும். அதனால்தான் அந்த வருடமே உயில் எழுதினாள். உங்கள் தாய்க்கு அந்தக் கடிதத்தை அவள் எழுதியது ஜூலையில். எனக்கு 18 முடிந்த அடுத்த மாதம், யாரோ ஒரு தாய்க்கு, "நானும் ஒரு பிள்ளைக்கு அம்மை" என்று எழுதியிருக்கிறாள். என்னிடம் அவள் இதைச் சொன்னதே இல்லை. 25 வருடம் கழித்து நீங்கள் சொல்லித்தான் எனக்குக் கிடைக்கிறது.

---

ஏலாக்கரை, ஞாயிறு இரவு 10.05

காலையில் நான் கேட்ட கேள்விக்கு மன்னிப்புக் கேட்கிறேன் அக்கா. பதவி கட்டாயம் வர வேண்டும். எங்கள் பக்கத்தில் மாரை மறைக்கும் தோள்சீலை போடும் உரிமைக்காக நம் பாட்டிமார் எத்தனை வருடம் அடிபட்டார்கள் என்று சொல்லிச் சொல்லி வளர்த்தார்கள். 1859இல்தான் திருவிதாங்கூர் அரசு இறங்கி வந்தது. அந்தத் தோளில் நட்சத்திரம் வைத்த பெண்ணை நான் கணக்கில் சேர்க்காமல் இருந்துவிட்டேன்.

---

தாலுகா_கோர்ட், ஞாயிறு இரவு 10.20

சடங்கு ஒரு பக்கம், தாள்களையும் கவனியுங்கள் மகளே. ராணுவ ஓய்வூதியத்துக்கான ஸ்பர்ஷ் இணையதளத்தில் இறப்பைப் பதிவு செய்ய வேண்டும். மருத்துவத் திட்ட அட்டை, கேன்டீன் அட்டை இரண்டையும் திருப்பிக் கொடுக்க வேண்டும். நாகர்கோவிலில் முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்கு இறப்புச் சான்றிதழின் நகலோடு போனால் வழி சொல்வார்கள். உயிலின் அசலைப் பத்திரமாக வையுங்கள்.

---

சபை_மூப்பன், திங்கள் காலை 6.10

மகளே, நீ எழுதியதை என் வீட்டிலும் வாசித்துக் காட்டினேன். அம்மை என்றே எழுது.

---

மட்டிப்பழம், திங்கள் மாலை 7.00

இன்று கல் கொத்துகிறவரிடம் போய்விட்டு வந்தேன். மாமாவையும் கூட்டிக்கொண்டு போனேன். கன்னர் அண்ணன் எழுதியதை வழியில் பஸ்ஸில் வாசிக்கக் கொடுத்தேன். இறங்கும் வரை ஒன்றும் பேசவில்லை. அங்கே போய் வாசகத்தை அவரே சொன்னார்.

முதல் வரி: லெப்டினன்ட் கர்னல், பெயர், கடைசியில் (ஓய்வு).
இரண்டாவது வரி: இராணுவ செவிலியர் சேவை, 1974–2006.
அதன் கீழே, நடுவில் தனியாக: அம்மை.

பெற்றவளின் கல் பழைய சிமென்ட் பலகை. எழுத்தெல்லாம் மழையில் கரைந்துவிட்டது. அதையும் எடுத்துவிட்டு அதே கருங்கல்லில், அதே உயரத்தில், அதே அளவு எழுத்தில் செய்யச் சொல்லியிருக்கிறேன். அதில் பெயருக்குக் கீழே: அம்மா.

இரண்டு கல்லும் சேர்த்து 15 நாள் ஆகும் என்றார். பெட்டியின் மூடியைப் படம் எடுத்துக் காட்டி, பெயரை மட்டும் அவள் எழுதியிருக்கிற மாதிரியே கொத்த முடியுமா என்று கேட்டேன். எழுத்து கொஞ்சம் சாய்வாக இருக்கிறதே, நேராக்கிவிடட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன்.

---

கன்னர்_குளச்சல், திங்கள் மாலை 7.25

40ஆம் நாளுக்கு நான் வருகிறேன் தங்கச்சி. என் தாய்க்கு இப்போது 84 வயது. அவளும் வர வேண்டும் என்கிறாள். நடக்க முடியாது, காரில் கூட்டி வருவேன். பேச்சிப்பாறை பிள்ளைக்கு லீவு கிடைக்காவிட்டால் அந்த நோட்டைப் படம் எடுத்து அனுப்பட்டும், என் தாய்க்குப் பார்க்க வேண்டுமாம். கடிதம் எழுதிய கை எழுத்தைத் திரும்பவும் பார்க்க வேண்டும் என்கிறாள்.

---

மட்டிப்பழம், திங்கள் மாலை 7.40

கூட்டி வாருங்கள் அண்ணே. ஆற்றூர் ஜங்ஷன் வந்ததும் போன் செய்யுங்கள், நம்பரைத் தனிமடலில் அனுப்புகிறேன். விளைக்குள் கார் வராது, கடைசி நூறு அடி மேடு. நாற்காலியோடு நான்கு பேரை நிறுத்தி வைக்கிறேன். டீச்சரும் வாருங்கள். மதியத்துக்கு மரச்சீனியும் சாளைக் குழம்பும் இருக்கும். அம்மை வீட்டுக்கு யார் வந்தாலும் அதுதான் வைப்பாள்.